நான்காம் படிக் கணினி

நவராத்திரிக்கு முந்தின வாரம், கடையின் பின்னறை யாருக்கு என்ற சண்டை ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டிய நிலையை எட்டியது.

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாய் கடை வரிசையில் குமுதா கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். மேல்மாடியில் வீடு, கீழே முன்னறையில் வேலை. பின்னறையில், வாடிக்கையாளர்கள் "நீங்களே வெச்சிக்குங்க அக்கா" என்று விட்டுப்போன பழைய கணினிகள். சில மேசையளவு, சில அப்பளக் கட்டு அளவு. அவற்றில் ஒன்றைக்கூட அவளால் தூக்கி வீச முடிந்ததில்லை. உள்ளே ஏதோ ஒன்று இன்னும் வேலை செய்யும் என்று தெரிந்த பிறகு எப்படி வீசுவது?

அவள் கணவன் தர்மா நெடுந்தூர பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். முதுகு வலி தாங்காமல் அதை விட்டுவிட்டு, முறுக்கு வியாபாரத்தில் இறங்கினான். போன தீபாவளிக்கு அவன் சுட்ட முறுக்கின் பெயர் ஈப்போ வரை போயிருந்தது. இந்த முறை ஆர்டர் குவிந்துவிட்டது. மாடி அடுப்படியிலோ இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் மூச்சு விட வேண்டும்.

"அந்தக் குப்பையெல்லாம் எடுத்தா அடுப்பு போடலாம், மேசை போடலாம், வேலைக்கு ரெண்டு பிள்ளைங்கள வெச்சு பேக் பண்ணலாம்," என்றான் தர்மா.

"அது குப்பை இல்ல."

"சரி, குப்பை இல்ல. வேற என்னன்னு சொல்லட்டும்?"

குமுதா ஒரு திருப்புளியைக் கையில் எடுத்தாள். அவளுடைய மௌனம் நீளமானது. அதற்குள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு திரும்பி வரலாம் என்பான் தர்மா. அன்றைக்கும் அவன் உண்மையிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தான். அவள் அதே இடத்தில், அதே திருப்புளியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு செய்யலாம்," என்றான் அவன். "விஜயதசமி காலையில பழைய இரும்பு வாங்குற ஆ செங் லோரி கொண்டாரேன்னு சொல்லியிருக்கான். அதுக்குள்ள யாராச்சும் வந்து, இதுல ஒண்ணு எனக்கு வேலைக்கு வேணும்னு கேட்டா, ரூமப் பத்தி நான் அப்புறம் வாயத் தொறக்க மாட்டேன். கேக்கலன்னா எல்லாம் லோரியில. சரியா?"

"வேலைக்குன்னா?"

"வேலைக்குன்னா வேலைக்கு. அழகு பாக்க இல்ல. ஓடணும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் பின்னறைக்குள் யார் வரப்போகிறார்கள்? பார்க்காத பொருளை எப்படிக் கேட்பார்கள்? இரவு முழுக்க அதுவே மனதில் உருண்டது.

மறுநாள் பாப்பா வந்தாள். தர்மாவின் அக்கா. அவர்கள் வழக்கமாகப் போகும் அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் கொலு வைக்கும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. எந்தப் பொம்மை எந்தப் படியில் என்று சொல்ல ஐயருக்குக்கூட அனுமதியில்லை. குமுதாவின் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. இருந்தும் அன்றைக்கு அவளே கேட்டாள்.

"அக்கா, கொலுவுல கீழ்ப்படியில என்ன வைப்பீங்க?"

"கீழ செடி, புழு, பூச்சி. அப்புறம் ஆடு, மாடு. அதுக்கு மேல மனுசன், அதுக்கு மேல மகான், உச்சியில சாமி. ஒவ்வொண்ணா மேல ஏறி வரணும்லா. ஏன்?"

"பொம்மைதான் வைக்கணுமா?"

பாப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குமுதா பின்னறைக் கதவைத் திறந்து காட்டினாள். பாப்பா உள்ளே எட்டிப் பார்த்தாள், தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் உள்ளே பார்த்தாள்.

"சரஸ்வதி சம்பந்தப்பட்டதுதானே," என்று மெல்லச் சொன்னாள். பிறகு குரலை உயர்த்தினாள். "வெச்சா ஒழுங்கா வைக்கணும். வெச்சத முடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. தினம் விளக்கு, தினம் சுண்டல். நான் இருக்கேன், பயப்படாத."

முன்னறையில் படிகள் எழுந்தன. தர்மாவின் முறுக்கு மாவு டின்களும் பலகைகளும்தான் படிகள். கேட்காமல் எடுத்ததற்கு அவன் கத்த ஆரம்பித்தபோது, "சாமி காரியம்டா," என்றாள் பாப்பா. அத்தோடு அடங்கினான்.

அடிப்படியில், மருந்துக்கடைச் சீனக் கிழவர் கொடுத்த மணிச்சட்டம். கம்பிகளில் மணிகளைத் தள்ளிக் கூட்டும் அந்தச் சட்டமே ஆதி என்று குமுதா வைத்தாள். பக்கத்தில், ஒரு ரப்பர் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது ஆபீசிலிருந்து வெளியே வந்த கைப்பிடி கூட்டல் இயந்திரம். பிடியைச் சுற்றினால் இன்றும் சரியாகக் கூட்டும். இரண்டாம் படியில் துளையிட்ட அட்டைகள், ஒரு பழைய வானொலியின் கண்ணாடி வால்வு, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு காந்த நாடாச் சுருள். ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற பெரிய கணினியைக் கொலுவில் வைக்க முடியாது. அதனிடமிருந்து மிஞ்சியது அந்தச் சுருள்தான். மூன்றாம் படியில் டிவியோடு இணைத்து ஓட்டும் சின்ன வீட்டுக் கணினி, கேசட்டோடு. நான்காம் படியில் மேசைக் கணினி. மஞ்சளேறிய, கனத்த தகரப் பெட்டி. அதற்கு மேல் மடிக்கணினிகள், கடைகளில் பில் போடும் இயந்திரம், பலகைக் கணினி, கைப்பேசி.

நான்காம் படிப் பெட்டியை வைக்கும்போது மட்டும் குமுதாவின் கை கொஞ்சம் தயங்கியது. அவள் முதன்முதலில் திறந்து பார்த்த கணினி அது. பதினேழு வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு பிற்பகல் முழுவதும் அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் வாழ்க்கையில் நடந்த மிக நல்ல விஷயங்களில் ஒன்று அது.

வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பைப் பாப்பா தானாகவே எடுத்துக்கொண்டாள்.

"இது அப்பன். இது பாட்டன். மொதல்ல ரூம் சைசு, அப்புறம் பீரோ சைசு, அப்புறம் பெட்டி, இப்ப பாக்கெட்டு. எளைக்க எளைக்க அறிவு கூடுது. நமக்குத்தான் அது நடக்கல."

"அப்ப உச்சியில போன்தானே வரணும்?" என்று கேட்டாள் பக்கத்துத் தையல்கடை தினேஸ்வரி. "எல்லாத்தையும் அதானே முடிவு பண்ணுது. எம்புருசன் எங்க சாப்பிடணும்னுகூட அதக் கேட்டுத்தான் போறாரு."

"உச்சியில சரஸ்வதி. போன் கீழதான். அதுக்கு அந்தத் திமிரு வேணாம்."

"அது என்ன அக்கா, ரைஸ் குக்கரத் தொறந்து வெச்சிருக்கீங்க?"

இதற்கு மட்டும் குமுதா வாய் திறந்தாள். "அதுக்குள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கு. சோறு வெந்துச்சான்னு பாக்குறது அதுதான். துணி தொவைக்கிற மெசின்ல ஒண்ணு, ஓட்டுற காடியில நெறைய. மூஞ்சி இல்லாம, கீபோர்டு இல்லாம, ஒரே ஒரு வேலைய மட்டும் செஞ்சிக்கிட்டு உள்ளுக்குள்ளயே இருக்கும். ஒலகத்துல அதுங்கதான் அதிகம்."

"நம்ம குமுதா மாதிரி," என்றான் தர்மா, சுண்டல் தட்டோடு. எல்லாரும் சிரித்தார்கள். குமுதாவும்.

கூட்டம் வந்தது. படம் எடுத்தார்கள், சுண்டலைப் பாராட்டினார்கள், தங்கள் வீட்டு உடைந்த பிரிண்டரைப் பற்றி விசாரித்தார்கள். பழைய கணினியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் ஈப்போ பழைய டவுனில் காபிக்கடை நடத்தும் அடைக்கப்பன் என்ற இளைஞன் வந்து, மூன்றாம் படி வீட்டுக் கணினியின் முன் மண்டி போடாத குறையாக நின்றான். "அக்கா, இதக் குடுங்க. என் கடைக் கல்லாப் பக்கத்துல வெச்சா கஸ்டமர் செத்துருவான்."

குமுதாவின் கண்ணில் ஒளி ஏறியது. தர்மா உடனே குறுக்கே வந்தான். "தம்பி, அத ஓட்டுவீங்களா?"

"ஓட்டுறதா? சும்மா வைக்கத்தான் அண்ணே. மேல ஒரு செடி வைக்கலாம்."

"செடி!" என்று தர்மா மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ஒளி இறங்கிவிட்டது. அவனுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் ஒரு டின் கடலைமாவைக் கூடுதலாக ஆர்டர் செய்தான்.

ஆயுத பூஜை வந்தது. பாப்பா ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைத்தாள். சந்தனத்தைத் தண்ணீர் விடாமல் கெட்டியாகக் குழைக்க வேண்டும், காற்றோட்டத் துளைப் பக்கம் விரல் போகக் கூடாது என்று குமுதா கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்புளிகள், குறடு, பற்றவைக்கும் கருவி எல்லாம் வாழையிலையில் அடுக்கப்பட்டன. எலுமிச்சம்பழம் நசுக்கச் சக்கரம் எங்கே என்ற கேள்வி எழுந்தபோது, குமுதாவின் சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து, தர்மாவை அதில் உட்காரவைத்துப் பழத்தின் மேல் உருட்டினார்கள்.

கற்பூரம் அணைந்த கொஞ்ச நேரத்தில் பத்துமலை வந்தான். தர்மாவின் சிநேகிதன். லகாட்டில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவன். கேட், கிரில், தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டம் என்று எதுவானாலும் தகட்டைப் பூப்பூவாக வெட்டித் தருவான். கணினி சொல்கிறபடி நகர்ந்து தகட்டை வெட்டும் பிளாஸ்மா மெசின் ஒன்று அவனிடம் இருந்தது. எப்போதும் சிரித்த முகம். இன்றைக்கு நெற்றி நிறைய விபூதி இருந்தும் முகம் செத்துக் கிடந்தது.

"மச்சான், எம்பொழப்புல மஞ்சத்தண்ணி ஊத்திட்டா மாரியம்மா," என்றான்.

"என்னடா பேசுற?"

"நெசமாவே ஊத்திட்டாடா எம்பொஞ்சாதி. பூஜை முடிஞ்சி பட்டற பூரா மஞ்சத்தண்ணி தெளிச்சா. மாவிலையில தெளின்னா, இவ சொம்போட வீசிட்டா. நேரா கம்ப்யூட்டர் மண்டையில. பட்டுன்னு ஒரு சத்தம், ஒரு பொகை. அத நான் அணைக்கிறதே இல்ல மச்சான், அணைச்சா திரும்ப எந்திரிக்காதோன்னு பயம். அதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு. பத்து காஜா டவுன்ல ஒரு கோயிலுக்குக் கதவு வெட்டிக்கிட்டு இருக்கேன், தீபாவளிக்கு முன்ன மாட்டணும். மெசின் விக்கிறவனுக்குப் போன் பண்ணேன். இந்த மாதிரி கம்ப்யூட்டர் இப்ப வரதில்ல, மெசினையே மாத்துங்கன்றான். மாத்துறதா! பட்டறய வித்தாத்தான் மாத்தலாம்."

"விடு, சுண்டல் சாப்புடு," என்று தர்மா தட்டை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. பத்துமலை கொலுவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்த நாலாவது படியில இருக்கே..."

"அது பொம்மைடா."

"நம்ம மெசின் கம்ப்யூட்டர் மாரியே இருக்கு."

"எல்லாம் பெட்டிதான், ஒரே மாரிதான் இருக்கும். சுண்டல் ஆறுது."

குமுதா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். "அண்ணே, உங்க மெசின்லேருந்து வர்ற வயரு ஒரு கார்டுல மாட்டியிருக்குமே. அந்தக் கார்டு செருகுற எடம் நீளமா, கறுப்பா இருக்குமா?"

"ஆமா தங்கச்சி. இவ்ளோ நீளம்."

அந்த நீளக் கறுப்புப் பள்ளம் புதிய கணினிகளில் கிடையாது. நான்காம் படிக்கு மேலே இருந்த எதிலும் கிடையாது. அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது.  எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்டாகிவிட்டது, வேலைக்குத்தான் கேட்டாகிவிட்டது. ஆம் என்றால் அறை அவளுக்கு. ஆனால் போவது அந்தப் பெட்டி. மற்ற எதைக் கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்திருப்பாள். பொருந்தாது என்று ஒரு சொல் சொன்னால் போதும், மறுத்துப் பேச இங்கே யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்துபோனதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. தகரத்தின் மேல் வைத்த சந்தனம் காய்ந்து, ஓரம் வெடித்திருந்தது.

"பொருந்தும்ணே," என்றாள் கடைசியில்.

தர்மா தட்டை மேசையில் வைத்தான். "ஓடினாத்தான் கணக்கு," என்றான் பலவீனமாக.

"அப்ப இப்பவே தூக்குவோம்," என்று பத்துமலை கையை நீட்டினான். பாப்பா குறுக்கே பாய்ந்தாள்.

"கைய எடு! பூஜையில வெச்சத இன்னைக்குத் தொடுவியா? காலையில புனர்பூஜை முடியட்டும்."

"அக்கா, கோயில் கதவு அக்கா..."

"கோயில் கதவுன்னா சாமி இருக்கு, பாத்துக்கும். திருப்புளிகூட எலையில இருக்கு. எதால கழட்டுவ, பல்லாலயா?"

மறுநாள் காலை பாப்பா பூஜையை முடிப்பதற்கும் ஆ செங்கின் லோரி வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. தமிழர் வீடுகளில் இரும்பு வாங்கியே வளர்ந்த சீனர் ஆ செங். அவருடைய தமிழில் லகாட் வட்டாரப் பேச்சின் வாசம் அடிக்கும்.

"எல்லாம் ஏத்தலாமா அண்ணே?"

"கொஞ்சம் பொறு, தவுக்கே. ஒரு கேஸ் இருக்கு," என்று இரும்புக்கடை முதலாளியை நிறுத்தினான் தர்மா. கேஸ் என்னவென்று கேட்டதும் ஆ செங்குக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "லகாட்தானே? நம்ம லோரியிலயே போலாம்லா. ஓடலன்னா நான் அங்கேருந்தே அதத் தூக்கிக்கிறேன். மிச்சத்துக்குத் திரும்பி வாரேன்."

அப்படித்தான் அந்தப் பெட்டி, பழைய இரும்பு லோரியில், பொட்டும் பூவுமாகப் புறப்பட்டது. முன்னால் ஆ செங்கும் பாப்பாவும். பின்னால், மழை வந்தால் மூடத் தார்ப்பாயோடு தர்மாவும் குமுதாவும். சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. குமுதா ஒரு கையால் பெட்டியைப் பிடித்திருந்தாள்.  தர்மா இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டான்.

பட்டறையில் மாரியம்மா வாசலிலேயே நின்றாள். "இனிமே தண்ணியக் கையிலயே தொட மாட்டேன் குமுதா," என்றாள்.

"குளிக்கவாச்சும் தொடு," என்றான் பத்துமலை.

நனைந்த கணினியிலிருந்து குமுதா வெட்டும் நிரல் இருந்த வட்டையும் கார்டையும் கழற்றித் தன் பெட்டியில் மாட்டினாள். மின்சாரம் கொடுத்தாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.  ஆ செங் மெதுவாகப் பெட்டியின் எடையைக் கண்ணால் அளந்தார்.

"முடிஞ்சுதா?" என்றான் தர்மா. கேட்ட குரலில் அவன் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை.

குமுதா கார்டைத் திரும்ப உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் பொன்னிறப் பற்களில் மஞ்சள் காய்ந்து படிந்திருந்தது. "அண்ணே, அழி ரப்பர் இருக்கா? பென்சில் அழிக்கிறது."

அளவு குறிக்கும் பென்சிலோடு கிடந்த ரப்பரைப் பத்துமலை தேடி எடுத்தான். அவள் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, ஊதி, துடைத்து, மறுபடி செருகினாள். இந்த முறை திரையில் எழுத்து வந்தது. பெட்டியின் உள்பேட்டரி எப்போதோ செத்திருந்ததால், அதற்குத் தன் வட்டு எது என்பதே மறந்துபோயிருந்தது. வட்டின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அவள் பொறுமையாக எண்களைத் தட்டினாள். பிறகு பின்னால் நகர்ந்து நின்றாள்.

மெசினின் கை ஒருமுறை நடுங்கியது. மூலைக்குப் போய்த் தன் இடத்தைத் தொட்டுக்கொண்டு, தகட்டின் மேல் வந்து நின்றது. பத்துமலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். நீலச் சுடர் கிழிந்தது. பொறிகள் பட்டறைத் தரையெங்கும் ஓடின. தகட்டில் ஒரு தாமரை இதழ், வளைந்து வளைந்து, தன்னைத் தானே வரைந்துகொண்டது.

"ஓடுதுடா மச்சான்!" என்று பத்துமலை கத்தினான். மாரியம்மா குலவையிட்டாள். பாப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தர்மா நெற்றியில் அடித்துக்கொண்டான், சிரித்துக்கொண்டே.

"போச்சு, ரூம் போச்சு. சரி, சொன்னா சொன்னதுதான். இனி வாயத் தொறக்க மாட்டேன்."

"நீ எங்க முறுக்கு சுடப்போற?" என்று கேட்டாள் மாரியம்மா.

"தலையில அடுப்ப வெச்சி."

"பின்னால கொட்டாயில கேஸ் அடுப்பு இருக்கு, ஆளுங்களுக்குச் சமைக்கிறது. தண்ணிக் கொழாயும் இருக்கு. தீபாவளி வரைக்கும் அங்க சுடு அண்ணே. நான் பண்ணுன வேலைக்கு மாவாவது பெசைஞ்சி தாரேன்."

"தண்ணி மட்டும் நான் ஊத்திக்கிறேன்," என்றான் தர்மா.

ஆ செங் லோரியின் பின்கதவைத் தட்டினார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா? வந்ததுக்கு இதையாச்சும் குடுங்க," என்று, வயிறு திறந்து கிடந்த நனைந்த கணினியை நோக்கிக் குனிந்தார்.

அதற்குள் குமுதா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அது செத்துப்போச்சுலா அக்கா."

"மேல ஒரு பகுதிதான் கருகியிருக்கு தவுக்கே. காய வெச்சிப் பாக்கணும்."

ஆ செங் தர்மாவைப் பார்த்தார். தர்மா ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானே. லோரியின் பின்பக்கம் முதலில் ஏறி, குனிந்து, அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கினான். உள்ளே தேங்கியிருந்த மஞ்சள் தண்ணீர் அவன் சட்டையில் வழிந்தது.